டயரும் ரயரும்

2014ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் நான் பாடசாலைக்குப் போன முதல் நாள். “அதிபர் உங்களைக் கூப்பிடுகிறார்” என்று ஒரு மாணவி வந்து சொன்னதும் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. திருச்சியில் நான் வாசித்த செய்தித்தாள்களில் அதிபர் என்றால் அமெரிக்க அதிபர், ரஷ்ய அதிபர். பதினான்கு வயதுப் பெண்ணிடம் அவருக்கு என்ன வேலை? போய்ப் பார்த்தால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் மாற்றுச் சான்றிதழைப் புரட்டிக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. தமிழ்நாட்டில் தலைமை ஆசிரியர், இங்கே அதிபர். நாட்டை ஆள்பவர் ஜனாதிபதி.

அப்பாவும் அம்மாவும் 1990இல் படகேறி மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். அங்கிருந்து திருச்சி கொட்டப்பட்டு முகாம். நான் பிறந்தது 2000இல், திருச்சியில். அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு கொடுத்த விமான டிக்கெட்டில் நாலு பேரும் கொழும்பில் இறங்கினோம். ‘திரும்பி வந்துவிட்டார்கள்’ என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும்தான் திரும்பினார்கள். நானும் தம்பியும் வந்தோம், அவ்வளவுதான். புலம்பெயர்ந்தவர்கள் என்றால் இங்கே கனடாவும் சுவிஸும் லண்டனும்தான் நினைவுக்கு வரும். முகாமில் இருபத்து நாலு வருடம் இருந்துவிட்டு வந்தவர்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நாங்கள் சொக்லேட் கொண்டுவரவில்லை, அதனால் இருக்கலாம்.

ஒரே மொழிதானே, உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முகாமில் வீட்டுக்குள் யாழ்ப்பாணத் தமிழ், வாசலைத் தாண்டினால் திருச்சித் தமிழ். அம்மா ‘கதைக்கிறாய்’ என்பார், நான் தெருவில் ‘பேசுகிறேன்’. கதிரை, சவர்க்காரம், தேத்தண்ணீர், சொதி எல்லாம் எனக்குத் தாய்ப்பாலோடு வந்த சொற்கள். இங்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது: என்னிடம் இருந்த யாழ்ப்பாணத் தமிழ் முழுவதும் சமையலறையிலும் முற்றத்திலும் கற்றது. வகுப்பறைக்குரிய ஒரு சொல்கூட அதில் இல்லை. சாக்பீஸுக்கு வெண்கட்டி, நோட்டுக்குக் கொப்பி, ஸ்கேலுக்கு அடிமட்டம், ரப்பருக்கு அழிறப்பர், ஒன்பதாம் வகுப்புக்குத் தரம் ஒன்பது. ‘சாக்பீஸ்’ என்று நான் சொன்னதற்கு வகுப்பே திரும்பிப் பார்த்த நாளில், வாயைத் திறக்காமல் இருந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு ஒரு பாடசாலைத் தவணை முழுக்க நீடித்தது.

அப்படிப்பட்டவள் ஆசிரியையாக வேண்டும் என்று விண்ணப்பித்ததுதான் வேடிக்கை.

அதற்கு முன்னால் கடதாசிக் கதை ஒன்று உண்டு. இந்தியாவில் பிறந்த எங்கள் இருவரின் பிறப்பையும் அப்பா சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து வைத்திருந்ததால் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கையில் இருந்தது. அது இருந்தால்தான் அடையாள அட்டை, அடையாள அட்டை இருந்தால்தான் சாதாரண தரப் பரீட்சை. அம்மா அதை மூன்று பொலித்தீன் பைகளுக்குள் வைத்துச் சாமியறையில் பூட்டியிருந்தார். முகாமில் என்னைவிட நன்றாகப் படித்த அண்ணன்மார், பட்டம் வாங்கிவிட்டு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்கள். குடியுரிமை இல்லாதவனுக்கு அரசு வேலை இல்லை. “படித்த படிப்புக்கு வேலை கிடைக்கிற இடத்துக்குப் போவோம்” என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றதன் காரணம் அதுதான். உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, பிறகும் நெடுநாள் காத்திருந்து, கோப்பாயில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி நெறிக்கு இடம் கிடைத்தது.

வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே ஆரம்பப் பிரிவு என்பது தரம் 1 முதல் 5 வரை. அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் டிப்ளோமாவுக்கு மூன்று வருடம். முதல் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் ஏதாவது ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. பெண்களுக்குச் சேலை கட்டாயம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு பேர் ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்று மடிப்பு எடுப்பது தனிக் கலை. கோப்பாய்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், காவிரியில் குளித்து வளர்ந்த என் தலைமயிர் முதல் மாதமே தும்பாகிவிட்டது. சாப்பாட்டைப் பற்றிப் புகார் இல்லை. பாணும் சம்பலும் கிடைத்தால் நான் எந்த நாட்டிலும் இருப்பேன்.

இரவுகள்தான் பெரியவை. பாடக்குறிப்பு எழுதி முடித்தபின் சாதனம் செய்யும் வேலை தொடங்கும். பத்துப் பத்தாக ஈர்க்குகளைக் கட்டி வைத்துப் பத்துகளும் ஒன்றுகளும் கற்பிப்போம். புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைப்போம். பிரிஸ்டல் அட்டையும் பசையும் கத்தரிக்கோலுமாக அறை முழுக்கக் குப்பை. மாதக் கொடுப்பனவில் பாதி புத்தகக் கடைக்காரருக்குப் போகிறது.

இந்த வேலையில் எனக்கு ஒரு முன்னனுபவம் இருந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, 2007இல், நான் இரண்டாம் வகுப்பு. டீச்சரும் எங்களோடு தரையில் உட்காருவார். சுவரின் கீழ்ப்பகுதியில் ஆளுக்கொரு கரும்பலகைக் கட்டம். அட்டை ஒன்றை எடுத்துச் செய்து முடித்தால் அடுத்த அட்டை. இங்கே விரிவுரையில் ‘விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை’ என்று பிரித்துச் சொல்லி, சின்ன வகுப்புகளில் விளையாட்டுக்குத்தான் கூடிய இடம் என்று விளக்கியபோது, தோழிகள் குறிப்பெடுத்தார்கள். நானோ அந்தத் தரையின் குளிர்ச்சியை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வித்தியாசம். எங்களுக்கு அட்டைகள் அச்சிட்டு வந்தன. இங்கே நாங்களே கண்விழித்து வெட்டுகிறோம். எது நல்லது என்று கேட்டால், அச்சிட்டது என்பேன். நித்திரையும் ஆசிரியருக்குத் தேவை.

இன்னொரு நாள் தமிழ் விரிவுரையில் சுட்டெழுத்து வந்தது. அ, இ, உ. திருச்சியில் இதே பாடத்தில், ‘உ இப்போது வழக்கில் இல்லை’ என்று படித்து, பரீட்சையில் எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ‘உதை அங்கே வை’, ‘உவனோடு சேராதே’, ‘உங்கே என்ன செய்கிறாய்’. நாளைக்கு இருபது தடவையாவது அம்மா வாயில் வந்த எழுத்தை, வழக்கொழிந்தது என்று நான் எழுதியிருக்கிறேன்! பக்கத்தில் இருப்பது இது, தொலைவில் இருப்பது அது, கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது உது. வீட்டுத் தமிழுக்கும் பாடப்புத்தகத் தமிழுக்கும் நடுவில் எனக்குள் யாரோ மதில் கட்டியிருந்தார்கள். கட்டியவள் நானாகவும் இருக்கலாம்; தெருவில் ‘சிலோன்காரி’ என்று அடையாளம் தெரியக் கூடாது என்பதில் எனக்கு அத்தனை கவனம்.

கற்பித்தல் பயிற்சிக்கு நீர்வேலிப் பக்கம் ஒரு சிறிய பாடசாலை கிடைத்தது. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் வீதி, ஏழரைக்கு மணி அடிக்கும். தரம் 2, பத்தொன்பது பிள்ளைகள். போக்குவரத்து என்ற தலைப்பில் பாடம். பின் வரிசையில் சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க விரிவுரையாளர் மதிப்பீட்டுத் தாளோடு உட்கார்ந்திருக்கிறார். நான் முதல் நாள் இரவு எழுதிய சொல்லட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறேன். பஸ், சைக்கிள், படகு எல்லாம் சத்தமாக வாசித்தார்கள். அடுத்த அட்டை ‘டயர்’.

மௌனம். முன் வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி எழுத்துக் கூட்டினாள். ‘ட’வை நாக்கை மடித்து, ‘பட்டம்’ என்பதில் வருவதுபோல அழுத்தி, ட... யர் என்றாள். அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே இல்லை என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் அட்டையைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான்.

“ரீச்சர், உது ரயர்.”

உது. அட்டை என் கையில் இருந்தது, கேட்பவள் நான். இலக்கணம் அவனிடம் பிசகவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, பின்னால் மதிப்பீட்டுத் தாளும் இருந்தது. வெண்கட்டியை அவன் கையில் கொடுத்து, பலகையில் எழுதச் சொன்னேன். ‘ரயர்’ என்று குண்டு குண்டாக எழுதினான். கீழே ‘ரீச்சர்’, ‘ரொபி’ என்று கேட்காமலேயே இரண்டு சேர்த்தான்.

பாடம் முடிந்ததும் விரிவுரையாளர் கூப்பிட்டார். “பிள்ளை, ‘காற்று’ என்று சொல்லுங்கள்.” சொன்னேன், திருச்சிக்காரர் வாசிப்பதுபோல. “அம்மா வீட்டில் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.” சொன்னேன். நாக்கு நுனி மேல்பல்லின் பின்மேட்டில் போய்த் தட்டியது. “இங்கிலீஷ்காரனின் டயரில் முதல் சத்தமும் அதுதான். இந்தப் பிள்ளைக்கு அது ‘ட’ மாதிரிக் கேட்காது, ‘ற’ பக்கமாகத்தான் கேட்கும். சொல்லின் முதலில் ‘ற’ வராது என்பதால் ‘ர’ போடுகிறான்.” பிறகு தாளில் எதையோ எழுதிக்கொண்டே, “பலகையை அவனிடம் கொடுத்ததற்கு நல்ல புள்ளி போட்டிருக்கிறேன். அட்டையை மாற்றி எழுதுங்கள்” என்றார்.

மாற்றி எழுதினேன். பிரிஸ்டல் அட்டை விற்கிற விலையில் புதிது வாங்க மனம் வரவில்லை. பழையதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி அதில் எழுதினேன். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ‘டயர்’ தெரியும்.

சென்ற வாரம் வகுப்புச் சுவரைப் படம் எடுத்து, முகாமில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்த தோழிக்கு அனுப்பினேன். நாங்கள் இருவரும் ஒரே கரும்பலகைக் கட்டத்துக்காகச் சண்டை பிடித்தவர்கள். அவள் இப்போது திருச்சியில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறாள். சுவரை அவள் நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் குரல்செய்தி வந்தது.

“எல்லாம் அழகாக இருக்கிறது. அந்த நாலாவது அட்டை, ‘ரயர்’ என்றால் என்னடி?”