ஷெங்கன் என்பது ஓர் ஊர்

ஐரோப்பாவுக்குப் பயணம் போக விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் ‘ஷெங்கன் விசா’ என்ற சொல் பழக்கமானது. வங்கிக் கணக்கு விவரம், பயணக் காப்பீடு, கைரேகை என்று வாரக்கணக்கில் அலைந்த பிறகு கடவுச்சீட்டில் ஒட்டித் தரப்படும் தாளில் உள்ள அந்தப் பெயர், லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்கு மூலையில், மோசெல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிற்றூருடையது என்பது எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது.

பிரான்சின் மெட்ஸ் நகரிலிருந்து காலை ரயிலில் கிளம்பினேன். சுற்றுலாப் பயணிகளை எதிர்பார்த்து ஏறிய பெட்டியில், நின்றுகொண்டு போவோர் உட்பட ஏறக்குறைய அனைவரும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண்மணி பிரான்சில் குடியிருந்துகொண்டு லக்சம்பர்க் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றுபவர். தம்மைப் போன்றவர்கள் ஒரு நாள் வராவிட்டால் அந்நாட்டின் மருத்துவமனைகள் நின்றுவிடும் என்றார். அது மிகையில்லை. சுமார் 6.8 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டுக்குப் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய மூன்று அண்டை நாடுகளிலிருந்தும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கு வந்து போகிறார்கள். குடியிருப்பவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். எல்லையை எப்போது கடந்தோம் என்பதைக் கைப்பேசிக்கு வந்த வரவேற்புக் குறுஞ்செய்தி மட்டுமே சொல்லியது.

வடக்கு தெற்காக 82 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 57 கிலோமீட்டர், மொத்தப் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். இவ்வளவுதான் நாடு. 2020 மார்ச் முதல் பேருந்து, ட்ராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு அனைத்தும் யாருக்கும் கட்டணமில்லை என்பதால், பயணச்சீட்டு இயந்திரத்தைத் தேடாமலேயே ட்ராமில் ஏறி, பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் சிவப்புப் பாலத்தைக் கடந்து தலைநகரின் கிர்ஷ்பெர்க் மேட்டை அடைந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், முதலீட்டு வங்கி, தணிக்கை மன்றம், நாடாளுமன்றத்தின் தலைமைச் செயலகம் எல்லாம் அந்த ஒரே மேட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றியத்தின் அமைச்சர்கள் வழக்கமாக பிரஸ்ஸெல்ஸில் கூடினாலும், ஏப்ரல், ஜூன், அக்டோபர் மாதக் கூட்டங்களுக்கு இங்கேதான் வந்தாக வேண்டும்.

இவ்வளவு சிறிய நாட்டுக்கு இவை வந்தது முன்கூட்டித் தீட்டிய திட்டத்தால் அல்ல. 1952இல் இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான, நிலக்கரி, எஃகு ஆகியவற்றுக்கான பொதுச் சமூகத்தை ஆறு நாடுகள் தொடங்கியபோது, தலைமையகம் எந்த நகரில் என்பதில் அவற்றால் உடன்பாடு காண முடியவில்லை. இழுபறி முற்றிய நிலையில், வேலையை இப்போதைக்கு எங்கள் ஊரில் தொடங்குங்கள் என்று லக்சம்பர்க்கின் வெளியுறவு அமைச்சர் ஜோசப் பெக் முன்வந்தார். அந்தத் தற்காலிக ஏற்பாட்டின் தொடர்ச்சியாகவே இத்தனை கட்டடங்களும் எழுந்துள்ளன.

நீதிமன்றத்தின் பொன்னிறக் கோபுரங்களின் அடியில் நெடுநேரம் நின்றிருந்தேன். மின்சாரத் துறை அரசுடைமையாக்கப்பட்டதை எதிர்த்து, ஒரு சிறு மின்கட்டண ரசீதைக் கட்ட மறுத்த கோஸ்டா என்ற இத்தாலிய வழக்கறிஞரின் வழக்கு இங்கே வந்தது. வழக்கில் அவருக்குப் பெரிய பலன் இல்லை. ஆனால் உறுப்பு நாட்டின் சட்டமும் பொதுச் சமூகத்தின் சட்டமும் முரண்பட்டால் பொதுச் சட்டமே நிற்கும் என்று 1964இல் சொல்லப்பட்ட தீர்ப்பின்மீதுதான் இன்றைய ஒன்றியம் பெருமளவு நிற்கிறது. இருபத்தேழு நாடுகளும் தலைக்கு ஒரு நீதிபதியை அனுப்புகின்றன. ஜெர்மனிக்கும் ஒருவர், லக்சம்பர்க்குக்கும் ஒருவர்.

அங்கிருந்து கம்பிவட ரயிலில் பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றோரமாக நடந்து கிளௌசன் பகுதிக்குப் போனேன். மேலே பாறையைக் குடைந்த பழைய கோட்டையின் சுரங்க அறைகள். ஐரோப்பாவின் மிக வலிய அரண்களில் ஒன்றாக இருந்த அந்தக் கோட்டை, 1867ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையின்படி இடிக்கப்பட்டது. கோட்டைக்குப் பதிலாக நடுநிலை நாடு என்ற வாக்குறுதி கிடைத்தது. 1914இலும் 1940இலும் ஜெர்மன் படைகள் அந்த வாக்குறுதியின் மேல் நடந்து வந்தன. மதிலும் காக்கவில்லை, நடுநிலையும் காக்கவில்லை என்ற நிலையில்தான் அண்டை நாடுகளோடு பிணைந்துகொள்வதே பாதுகாப்பு என்று இந்த நாடு முடிவு செய்தது என நான் புரிந்துகொள்கிறேன். பிரான்சின் வெளியுறவு அமைச்சராக 1950 மே 9 அன்று அந்தப் பிணைப்பை முன்மொழிந்த ராபர்ட் ஷூமன், 1886இல் பிறந்தது இதே கிளௌசனில். தந்தை, அப்போது ஜெர்மனியின் வசம் இருந்த லொரேன் பகுதியைச் சேர்ந்தவர், தாய் லக்சம்பர்க்கைச் சேர்ந்தவர். பிறப்பால் ஜெர்மன் குடிமகனாக இருந்து பிறகு பிரெஞ்சுக் குடிமகனானவர். எல்லைக்கோடு ஒரு மனிதனின் வாழ்க்கைக்குள் எப்படியெல்லாம் நகரும் என்பதை அவருக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

ஒன்றியத்தில் லக்சம்பர்க்கின் குரல் அதன் அளவைவிடப் பெரியது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 720 இடங்களில் இதற்கு ஆறு. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், 96 இடங்கள் உள்ள ஜெர்மனியைவிடப் பல மடங்கு. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்துக்குக் காஸ்டன் தோர்ன், ஜாக் சாண்டேர், ஜான் குளோட் யுங்கர் என மூன்று தலைவர்களைக் கொடுத்திருக்கிறது. பொது நாணயத்துக்கான முதல் முழுமையான திட்டத்தை 1970இல் வகுத்த குழுவுக்கும் இந்நாட்டின் பிரதமர் பியர் வெர்னரே தலைவர். ஆனால் வரிவிதிப்பில் எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற விதி, இந்த நாட்டுக்கு முழுத் தடை அதிகாரத்தையும் தருகிறது. பன்னாட்டு நிறுவனங்களுக்கு இங்கே கிடைத்த வரிச் சலுகைகளின் ஆவணங்கள் 2014இல் கசிந்தபோது, அண்டை நாடுகளின் கருவூலங்கள் இழந்ததில் ஒரு பகுதி இந்தச் செழிப்புக்குள் இருக்கிறது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. இந்த நாட்டை மனதார மதிக்கும் எனக்கு, அது இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் பேருந்தில் ஷெங்கன். சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள், ஒரு தேவாலயம், ஒரு சிறு அருங்காட்சியகம், கரையில் நட்சத்திரம் பொறித்த மூன்று எஃகுத் தூண்கள். 1985 ஜூன் 14 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள், மூன்று நாட்டு எல்லைகள் சந்திக்கும் இந்த இடத்தில், ‘பிரின்செஸ் மரி-ஆஸ்ட்ரிட்’ என்ற கப்பலில் அமர்ந்து, எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்க ஒப்பமிட்டார்கள். 1995இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் அதில் இருக்கின்றன.

அந்தச் சுதந்திரம் நிலையானது என்று இந்த ஊரார் நினைப்பதில்லை. 2020 வசந்தத்தில் கொரோனாவுக்காக ஜெர்மனி எல்லைச் சோதனையைக் கொண்டுவந்து, லக்சம்பர்க் எல்லையில் பல சிறு பாலங்களை மூடியது. 2024 செப்டம்பரில் குடியேற்றத்தைக் காரணம் காட்டி மறுபடியும் சோதனையைத் தொடங்கியது. வேலையும் மருத்துவமும் எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அச்சம் என்பதை முந்தைய நாள் ரயிலிலேயே பார்த்திருந்தேன்.

மாலையில் பாலத்தின் மேல் நடந்தேன். கீழே ஓடும் மோசெல் இரு நாடுகளுக்கும் பொதுவானது. நீரின் நடுவே கோடு கிடையாது. அக்கரையில் ஜெர்மனியின் பேர்ல். அன்று அங்கே காவலர் யாரும் நிற்கவில்லை. அங்கிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தபோது பெயர்ப்பலகைகள் பிரெஞ்சுக்கு மாறின. அது அபாக் என்ற பிரெஞ்சுக் கிராமம். ரொட்டிக் கடையில் யூரோ நாணயங்களை எண்ணிக் கொடுத்து ஒரு நீள ரொட்டி வாங்கிக்கொண்டு, ஜெர்மனி வழியாகவே லக்சம்பர்க் பேருந்துக்குத் திரும்பி நடந்தேன். கடவுச்சீட்டு விடுதி அறையிலேயே இருந்தது.