வேர்ல்ட் ஸ்கூல்ஸ் விவாதப் போட்டிக்கு அணியோடு போகிறவர்கள் கவனத்துக்கு

பதிவுப் படிவத்தில் மாணவர் பெயரையும் கட்டணத்தையும் பார்த்துவிட்டு யாரும் கீழே போவதில்லை. அங்கேதான் நடுவர் விதி இருக்கிறது. பள்ளி அணிகளுக்கான உலக விவாதப் போட்டியின் விதிகளைப் பின்பற்றும் வேர்ல்ட் ஸ்கூல்ஸ் முறையில் நடக்கும் பல போட்டிகளில் அணியோடு ஒரு நடுவரையும் பள்ளியே அழைத்து வர வேண்டும். கூட வரும் ஆசிரியரே நடுவராக இருந்துகொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் போன இடத்தில் பதிவு மேசையில் இருந்த பையன், "நடுவர் தேர்வு எழுதினவங்கதான் சார் உட்காரலாம், மெயில் போட்டிருந்தோமே" என்றான். அந்த மெயில் பள்ளியின் பொது முகவரிக்குப் போயிருந்தது. அதை யார் திறக்கிறார்கள் என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. அபராதம் கட்டு, இல்லாவிட்டால் அணியை எடு என்றார்கள். கல்லூரியில் விவாதம் பேசிக்கொண்டிருந்த பழைய மாணவி ஒருத்தி அதே ஊரில் இருந்ததால் தப்பித்தோம். படிவத்தில் உங்கள் சொந்த மெயிலைக் கொடுங்கள். நடுவர் பெயரை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது பொனஃபைட் சான்றிதழ், அதாவது இந்தப் பள்ளி மாணவர்தான் என்று பள்ளி தரும் சான்று. வகுப்பு எழுதியிருந்தது, பிறந்த தேதி இல்லை, திருப்பிவிட்டார்கள். போட்டி சனி, ஞாயிறு. அன்றைக்குப் பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும். முழுப்பெயர், பிறந்த தேதி, வகுப்பு, ஒட்டிய புகைப்படம், படத்தின் மேல் பாதி விழுகிற மாதிரி முத்திரை, இவை ஐந்தும் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

இனி மேடை. ஓர் அணியில் ஐந்து பேர் வரை இருக்கலாம், ஒரு சுற்றில் பேசுவது மூன்று பேர். ஆளுக்கு எட்டு நிமிடம். கடைசியில் அணிக்கு ஒரு ரிப்ளை, அதாவது விவாதத்தைத் தொகுத்துச் சொல்லும் முடிவுரை, நான்கு நிமிடம். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய பிள்ளைகளையே பள்ளிகள் பொறுக்கி அனுப்புகின்றன. அவர்கள்தான் இங்கே முதலில் தடுமாறுகிறார்கள். முதல் நிமிட முடிவில் ஒரு மணி, ஏழாவது நிமிட முடிவில் ஒரு மணி, எட்டில் இரட்டை மணி. ஏழாவது நிமிட மணி கேட்டதுமே "நன்றி, வணக்கம்" சொல்லி உட்கார்ந்துவிடுகிற பிள்ளையை எத்தனை அறைகளில் பார்த்தாயிற்று! ஒரு முழு நிமிடம் போச்சு. அந்த இரண்டு ஒற்றை மணிகளும் எதிரணி குறுக்குக் கேள்வி கேட்கத் தொடங்கலாம், இனி கேட்கக் கூடாது என்பதற்காக மட்டுமே.

அந்தக் குறுக்குக் கேள்விதான் பி.ஓ.ஐ. (பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்). எழுந்து நின்று பதினைந்து விநாடிக்குள் கேட்டு முடிக்க வேண்டும். பேசுகிறவர் ஏற்கலாம், கையசைத்து உட்காரச் சொல்லலாம். ஒன்றையும் ஏற்காவிட்டால் பயந்துவிட்டார் என்று நடுவர் குறித்துக்கொள்வார். நான்கு ஏற்றால் பேச நேரம் இருக்காது. இரண்டு போதும். அதையும் ஒரு வாதத்தை முடித்துவிட்டு ஏற்க வேண்டும், நடுவில் அல்ல. மனப்பாடமாகப் பேசுகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் நூல் அறுந்துபோகிறது. பயிற்சியின்போதே வேண்டுமென்று குறுக்கே எழுந்து தொந்தரவு கொடுங்கள், பழகிவிடும்.

தலைப்பு முன்கூட்டித் தெரிந்த சுற்றுகளில் பெரிய சிக்கல் இல்லை. அறிவித்து ஒரு மணி நேரத்தில் பேச வேண்டிய சுற்றுதான் ஆளைக் கொல்லும். பயிற்சியாளர் உள்ளே போக முடியாது, கைபேசி கிடையாது. 'வீட்டுப்பாடத்தை ஒழிப்போம்' என்று தலைப்பு வந்தால் பிள்ளைகள் உடனே ஆளுக்கொரு தாளில் முழுப் பேச்சையும் எழுத ஆரம்பிக்கிறார்கள். நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் மூன்று பேரும் ஒரே வாதத்தை எழுதியிருப்பார்கள். எந்த வகுப்புக்கு, எந்த மாதிரி வீட்டுப்பாடம், அதை எப்படி நிறுத்துவது என்று ஒருவரும் வரையறுத்திருக்க மாட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் தனித்தனியாக யோசனை. அடுத்த இருபத்தைந்து நிமிடம் சேர்ந்து பேசி வரையறையும் வாதப் பங்கீடும். எதிரணி என்ன சொல்லும் என்பதற்குப் பத்து. மிச்சம் இருபதில்தான் பேனா. முதல் இருவரும் வாதங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்றாமவருக்கு வேலை மறுப்பு. தலைப்பை எதிர்த்துப் பேசும் அணியின் மூன்றாமவர் புதிய வாதம் கொண்டுவரவே கூடாது, கொண்டுவந்தால் அது கணக்கில் சேராது.

ரிப்ளையை முதல் அல்லது இரண்டாம் பேச்சாளர்தான் தரலாம். பக்கத்து அறையில் ஓர் அணி தங்கள் சிறந்த பேச்சாளரை மூன்றாவதாக வைத்துவிட்டு, ரிப்ளைக்கும் அவளையே எழுப்பிவிட்டது. தலைமை நடுவர் உட்கார வைத்துவிட்டார். இன்னொன்று: ரிப்ளை வரிசை தலைகீழ். எதிர்த்துப் பேசும் அணி முதலில், முன்மொழிந்த அணி கடைசியில். அதனால் எதிர்த்துப் பேசும் அணியின் மூன்றாவது பேச்சும் ரிப்ளையும் அடுத்தடுத்து வரும். பன்னிரண்டு நிமிடமும் ஒரே விஷயத்தைத் திரும்பச் சொன்னால் நடுவர் பேனாவை வைத்துவிடுவார்.

மதிப்பெண் பார்த்துப் பெற்றோர் பதறுவது தனிக் கூத்து. நூற்றுக்கு எழுபதா என்று கேட்பார்கள். இங்கே அறுபதிலிருந்து எண்பது வரைதான் அளவுகோல். எழுபது என்றால் சராசரி. பேசும் முறைக்கு 40, உள்ளடக்கத்துக்கு 40, உத்திக்கு 20. குரல் வளத்தை மட்டும் நம்பி வருகிறவர்களுக்கு மீதி அறுபதில் அடி விழும். ரிப்ளைக்கு இதில் பாதிக் கணக்கு.

மூன்று நடுவர் இருக்கும் அறையில் 2-1 என்று தோற்றால் அழ வேண்டாம். நாங்கள் நாக்-அவுட்டுக்குப் போனதே அப்படிக் கிடைத்த ஒரு வாக்கால்தான். வெற்றி சமமானால் அடுத்து நடுவர் வாக்குகளை எண்ணுகிறார்கள், அதன்பிறகே பேச்சாளர் மதிப்பெண். ஆனால் கடைசி லீக் சுற்று முடிவை அங்கேயே சொல்ல மாட்டார்கள், ராத்திரி பட்டியல் வரும்வரை தெரியாது. தோற்றுவிட்டோம் என்று நினைத்து அன்றைய ரயிலுக்கு முன்பதிவு செய்தவர்கள் ரத்துக் கட்டணம் கட்டினார்கள். திரும்பும் டிக்கெட்டை இறுதிப் போட்டி நாளின் இரவு வண்டிக்கே எடுங்கள்.