டைனமோவில் விரலை வை

1990 இற்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்ட விளக்கில்தான் எங்கள் வகுப்பு உயர்தரம் படித்தது. மின்னியலையும் அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். இன்று சிரிப்பு வருகிறது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

பௌதிகவியல் சேர் ஆய்வுகூடத்துக்குத் தமது சைக்கிளையே உருட்டிக்கொண்டு வருவார். அதைத் தலைகீழாக நிறுத்தி ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் குமிழ் எரியும். எரியாவிட்டால் வயரை அங்குமிங்கும் இழுத்துப் பார்க்க விடமாட்டார். "டைனமோவில் விரலை வை. கரன்ட் போகும் வழியே விரலும் போகட்டும்" என்பார். பாதியில் தொடங்கியவனுக்குப் புறங்கையில் ஒரு தட்டு.

இப்போது ஒன்ராறியோவில் அரச கட்டடங்களுக்கு மின் அமைப்புகளை வடிவமைக்கிறேன். ஊரில் 230 வோல்ட்; இங்கே பெரிய கட்டடங்களுக்கு 600, விளக்குகளுக்கு 347. எண்கள் பழகிவிட்டன. பழகாதவை கூட்டங்கள்தான். மின்தடையின்போது ஜெனரேட்டரில் எவற்றைச் சேர்ப்பது என்று பேச உட்கார்ந்தால், ஒவ்வொரு பிரிவுக்கும் தன் அறைக் குளிரூட்டிதான் உயிர்நாடி. கோப்பி இயந்திரத்துக்காக வாதாடியவர்களும் உண்டு. கட்டட விதி கேட்பதோ தீ எச்சரிக்கைக் கருவி, தீயணைப்புக்கான பம்ப், வெளியேறும் வழியில் தரைமட்டத்தில் சராசரி 10 லக்ஸ் வெளிச்சம். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீற்றர் தள்ளித் தருவது ஏறத்தாழ 1 லக்ஸ். போத்தல் விளக்கில் படித்தவனுக்கு 10 என்பது கல்யாண வீடு.

2003 ஆகஸ்ட் 14 பிற்பகல் நாலு மணி கடந்ததும் ஒன்ராறியோவின் பெரும்பகுதியும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் பலவும் மின்சாரம் இழந்தன. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 5 கோடிப் பேர். நான் வரைபடம் தயாரித்த கட்டடம் ஒன்றில் ஜெனரேட்டர் உடனே ஓடத் தொடங்கியது என்று கேட்டுப் பூரித்துப்போனேன். அடுத்த செய்தி, சூடேறி நின்றுவிட்டது என்பது. ஜெனரேட்டர் அறைக்குக் காற்று வரும் சுவர்த் திறப்பின் தகடுகளை ஒரு சிறிய மோட்டார்தான் திறக்க வேண்டும். அதை நான் வழக்கமான மின்பலகையில் இணைத்திருந்தேன். மின்சாரம் போனது, தகடுகள் மூடியபடியே கிடந்தன. பராமரிப்பாளர் ஒருவர் கையால் நெம்பித் திறந்து மறுபடி ஓட்டினார். இருபது டொலர் வயர் சமாசாரம். புறங்கை சுரீரென்றது.

அன்றிலிருந்து கையொப்பமிடுமுன் வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு, ஜெனரேட்டரில் விரலை வைத்து மெல்ல நகர்கிறேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த நம்மூர்ப் பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்து, "மை போட்டுப் பார்க்கிறீர்களா அங்கிள்? பிழை இல்லை என்று மென்பொருள்தான் சொல்லிவிட்டதே" என்றாள். தாளை அவள் பக்கம் திருப்பி, நீயே பார் என்றேன். பாதியில் தொடங்கினாள்.

நான் தட்டவில்லை. இங்கே தட்டினால் வேலை போய்விடும்.