238ஆம் இடமும் 12ஆம் இடமும்

திருகோணமலையில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தின் நுண்ணுயிரியல் பிரிவில் பணிபுரியும் எனக்கு, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் சிறுநீர் மாதிரிகளே அன்றாட வேலையின் பெரும்பகுதி. இந்த ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரம் வெளியே கிடந்தாலே மாதிரியில் கிருமி பெருகிவிடும் என்பதால், வந்த கையோடு வளர்ப்பூடகத்தில் இடுகிறோம், அல்லது குளிரூட்டியில் வைக்கிறோம்.

ஈ.கோலை என்ற பற்றீரியா வளர்ந்து, அது மருந்துக்கு அடங்காதது என்ற ஐயம் எழுந்தால், அதை முல்லர் ஹின்டன் ஏகார் என்ற வளர்ப்பூடகத் தட்டில் பூசி, நடுவில் அமொக்சிசிலினும் கிளவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்து வில்லையையும், ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் தள்ளி, பெனிசிலினுக்கு உறவான செபோடாக்சிம், செப்டாசிடிம் மருந்துகளின் வில்லைகளையும் வைப்போம். ஓர் இரவு 35 பாகை செல்சியசில் இருந்த தட்டை மறுநாள் வெளிச்சத்தில் பிடித்தால், செபோடாக்சிமை ஒட்டிக் கிருமி படர்ந்திருக்கும். நடு வில்லையை நோக்கிய பக்கத்தில் மட்டும் தெளிந்த பகுதி சாவித்துவாரம் போல நீண்டிருக்கும்.

அந்தத் தெளிவு, ஒரு புரதம் செயலிழந்ததன் தடயம். பெனிசிலின் வகை மருந்துகள் பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டும் புரதங்களைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகின்றன. பீட்டா லக்டமேஸ் என்ற நொதியம் தன்னிடமுள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தால் மருந்தின் நான்கு அணு வளையத்தை உடைத்து, ஒரு நீர் மூலக்கூறின் துணையுடன் அதைக் கழற்றிவிட்டு, சேதமின்றி அடுத்த மருந்து மூலக்கூறுக்குத் தயாராகிறது. கிளவுலானிக் அமிலமோ அந்த நொதியத்துக்குள் புகுந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது; அதனால் நடு வில்லையின் பக்கத்தில் செபோடாக்சிம் உடைபடாமல் கிருமியை அடக்குகிறது. பெனிசிலின் நோயாளிகளின் சிகிச்சைக்கு வருவதற்கு முன்பே, 1940இல், ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் இந்த நொதியத்தை விவரித்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பீட்டா லக்டமேஸ்களில் பழைய டி.ஈ.எம். வகை நொதியத்தால் பருத்த செபோடாக்சிமைத் திறம்பட உடைக்க இயலாது. அதன் அமினோ அமில வரிசையில் 238ஆம் இடத்திலுள்ள கிளைசீன், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது, செரீனாக மாறினால், மருந்து பொருந்தும் குழி சற்று விரிந்து அந்த ஆற்றல் கிடைத்துவிடுகிறது. இன்று உலகில் அதிகம் காணப்படுவது சி.டி.எக்ஸ்-எம் என்ற வேறொரு குடும்பம் என்றாலும், விளைவு அதுவே. “மருந்து கேக்குதில்லையெண்டா அம்மாவின்ர உடம்பு அதுக்குப் பழகிட்டுதோ, மிஸ்?” என்று கேட்ட ஒரு மகளிடம், பழகியது அம்மாவின் உடலல்ல, கிருமியின் புரதமே மாறியிருக்கிறது என்று நான் நிதானமாக விளக்கினேன். அறிக்கையைக் கொடுத்து அனுப்புவதைப் போலவே இந்த விளக்கமும் எங்கள் வேலைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பெருங்குடல் புற்றுநோய் பற்றி வாசித்தபோது அதே கிளைசீனை மீண்டும் கண்டேன். கலம் பிரிய வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் சங்கிலியில் உள்ள கே-ராஸ் என்ற புரதம், மூன்று பொஸ்பேற்றுகள் கொண்ட குவனோசின் மூலக்கூறைப் பற்றியிருக்கும்வரை பெருகும்படி கட்டளையிடுகிறது. துணைப் புரதமொன்றின் உதவியுடன் நீரால் ஒரு பொஸ்பேற்றை வெட்டியதும் ஓய்கிறது. 12ஆம் இடத்துக் கிளைசீன் அஸ்பார்டேட்டாகவோ வலீனாகவோ மாறினால், துணைப் புரதத்தின் ஆர்ஜினீன் உரிய இடத்தில் பொருந்த முடியாமல் வெட்டும் வேலை தடைப்பட, கட்டளை ஓயாமல் தொடர்கிறது. பற்றீரியாவின் நொதியம் நீரைக் கொண்டு புதிதாக ஒன்றை உடைக்கும் வல்லமையைப் பெறுகிறது. கே-ராஸ் அவ்வாறு உடைக்கும் வல்லமையை இழக்கிறது. ஒன்றில் பெற்றதும் மற்றொன்றில் இழந்ததும் நோயாளிக்கு ஒரே அளவு கொடியவை.

பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரிடம் கே-ராஸ் மாற்றம் காணப்படுகிறது. செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து, கலத்தின் மேற்பரப்பில் பெருகும் சமிக்ஞையை வாங்கும் ஏற்பியைத்தான் தடுக்கிறது. அதற்குக் கீழே கே-ராஸ் தானாகவே இயங்கும்போது அம்மருந்தால் பயனில்லை. எனவேதான் சிகிச்சைக்கு முன் கட்டியின் இழையத்தில் இந்த மாற்றம் தேடப்படுகிறது. அந்தப் பரிசோதனை எங்கள் கூடத்தில் நடப்பதில்லை. ஆயினும் இழையம் எங்கள் கைவழியே போவதால், அதைப் போல பத்து மடங்கு போர்மலின் (இழையத்தைப் பதப்படுத்தும் திரவம்) போத்தலில் இருக்கிறதா, அது நடுநிலைப்படுத்தியதா என்று பார்த்தே அனுப்புகிறேன். அமிலத்தன்மை கொண்ட போர்மலினில் டி.என்.ஏ. சிதைந்துவிட்டால், 12ஆம் இடத்தில் எது இருந்தது என்பதைப் பின்னர் எவராலும் வாசிக்க இயலாது.