திறப்பை ஆரிட்டக் குடுக்கிறது?

எங்கள் அரச அலுவலகத்தில் அமைய (தற்காலிக) ஊழியராக இருந்த ஒரு பிள்ளையின் வேலை நீடிப்புக்கு, "பரிந்துரைக்கப்படவில்லை" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். 2023 ஜூன் கடைசி வாரம். அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளை என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "சேர், சுற்றறிக்கையில என்ர பேர் இருக்கோ?" என்று கேட்டது.

நக்கலாகக் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து ஏதோ ஒரு பட்டியல் வந்திருப்பதாகவே நினைத்திருந்தது. "சுற்றறிக்கையில ஒருத்தற்ர பேரும் இராது, பிள்ளை" என்றேன். பொய் இல்லை. ஆனால் பெயரை எழுதியது நான் என்பதை அந்தப் பதில் அழகாக மறைத்துவிட்டது.

திறைசேரியின் 2022 ஏப்ரல் சுற்றறிக்கை புதிய ஆட்சேர்ப்பைத்தான் நிறுத்தியது. ஐந்து வருடமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடித்து வந்த அமைய வேலை புதிய ஆட்சேர்ப்பா? ஆம் என்றும் வாசிக்கலாம், இல்லை என்றும் வாசிக்கலாம். பக்கத்து அலுவலகத்தில் இல்லை என்று வாசித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அன்றைக்கு என் மனதில் இருந்தது 2018 கணக்காய்வுச் சட்டம். பிழையாகக் கொடுத்த காசை உத்தியோகத்தரிடமே அறவிட அதில் இடம் உண்டு. எனக்கும் இரண்டு பிள்ளைகள். நாடும் சும்மா ஒன்றும் இறுக்கவில்லை: வங்குரோத்து, மார்ச்சில்தான் ஐஎம்எப் கடனுக்கு அனுமதி, அரச வருமானம் மொத்த உற்பத்தியில் பத்து வீதம்கூட இல்லை. எங்கோ ஒரு இடத்தில் வெட்டத்தானே வேண்டும்?

சரி, ஆனால் வெட்டு எனக்குக் கதிரை தந்தது. ஓய்வு வயதை 65இலிருந்து மறுபடி 60 ஆக்கியபோது, 2022 டிசம்பர் 31 அன்று என் மேலதிகாரி வீட்டுக்குப் போனார். அந்த வெற்றிடத்தில், நிரந்தர நியமனம் இல்லாமல் பதில் கடமைக்கு வந்தவன் நான். ஆறு மாதமும் ஆகவில்லை. புதுக் கதிரையில் இருப்பவன் துணிந்து எழுதுவானா? பழையவர் இருந்திருந்தால் நீடித்திருப்பார் என்று சில நாள் நினைப்பேன். அவரும் பயந்தவர்தான் என்று வேறு நாள் நினைப்பேன்.

ஜூலையில் பணவீக்கம் 6.3 வீதம் என்று செய்தி வந்தது. முந்தைய செப்டம்பரில் கிட்டத்தட்ட 70. நாடு எழும்புகிறது என்றார்கள். விலை இறங்கவில்லை, ஏறுகிற வேகம்தான் இறங்கியது. அதற்குக் கொஞ்சம் முன்தான் அஸ்வெசும என்ற புதிய அரச நிதியுதவித் திட்டத்தின் பட்டியல் வெளிவந்து, பெயர் விடுபட்டவர்கள் அலுவலக வாசலில் குவிந்தார்கள். நாடு முழுக்க ஒன்பது இலட்சத்துக்கு மேல் மேன்முறையீடுகள். எங்களுக்கு வந்ததை அடுக்கக்கூட ஆள் இல்லை. அதற்கு முன்பிருந்த சமுர்த்தி உதவித் திட்டத்தின் பழைய கோப்புகள் எந்த அலுமாரியில் எந்தத் தட்டில் இருந்தன என்று தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான்.

போகிற அன்று அது அழவில்லை, என்னோடு வாதாடவும் இல்லை. "அலுமாரித் திறப்பை ஆரிட்டக் குடுக்கிறது, சேர்?" என்று மட்டும் கேட்டது. நான் கணினித் திரையைப் பார்த்தபடியே "மேசையில வையுங்கோ" என்றேன். ஏன் எழும்பிப் போய் வாங்கவில்லை? வாங்கியிருந்தால் என்ன மாறியிருக்கும்? ஒன்றும் மாறியிராது. ஆனாலும் நித்திரை வராத இரவில் நான் திருத்தி எழுதுவது அந்தக் கையொப்பத்தை இல்லை, இந்த இரண்டு சொல்லைத்தான்.

அதே நிலையில் திரும்ப நின்றால் திரும்பவும் அப்படியே எழுதுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவ ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் கணக்காய்வு வந்தது. அமைய ஊழியர் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வந்த ஐயவினா வேறு: மேன்முறையீட்டுக் காலத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவு ஏன் இவ்வளவு கூடியது? அந்தத் தொகையை அந்தப் பிள்ளையின் ஆறு மாதச் சம்பளத்தோடு வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. பதிலை மட்டும் எழுதி அனுப்பினேன்: "ஆளணிப் பற்றாக்குறை காரணமாக."