புடலைக்கு எட்டரை மணிக்கு என்ன வேலை?

காலை எட்டரை. ஒரு கையில் காபி டம்ளர், மறு கையில் பையனின் டிராயிங் பிரஷ். மாடித்தோட்டக்காரர் மகரந்தம் தடவப் புடலைப் பந்தலுக்குள் நுழைகிறார். பூவோ எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. தொங்குவது சுருண்ட வெள்ளை நூல்தான். பத்து நாளில் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிரும். பழி விதைக்கடைக்காரர் தலையில்.

புடலை, சுரை, பீர்க்கு மூன்றும் நைட் ஷிப்ட். பொழுது சாயும்போதுதான் விரியும். இருட்டில் நிறத்தைக் காட்டிப் பயனில்லை என்பதால் புடலையும் சுரையும் வெள்ளை உடுத்தி, வாசனையைத் தூது விடுகின்றன. வருவது நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சி. உட்காரக்கூட மாட்டார், அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிப்பார். அழகுக்காகப் பந்தலில் சீரியல் செட் மாட்டினால் பூவை மறந்து பல்பைச் சுற்றுவார்.

பரங்கியும் பாகலும் பகல் ஷிப்ட். பரங்கி விடியுமுன்னே விரிந்து, பத்து மணி வாக்கில் மூடிக்கொள்ளும். தேனீக்கு மஞ்சள் நன்றாகத் தெரியும், நமக்குத் தெரியாத புறஊதாவும் தெரியும், சிவப்புதான் தெரியாது. தேனீயை அழைக்கச் செம்பருத்தி வைத்தவர் வீட்டுக்குத் தேன்சிட்டு வந்தால் கோபிக்கக் கூடாது.

தேனீக்குக் கெடுதல் வராமல் வேப்பெண்ணெயை மாலையில் அடிக்கச் சொல்வார்கள். பரங்கிக்குச் சரி. சுரை விரிகிற நேரமே அதுதானே! லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம் மட்டும். பூவில் படக் கூடாது.

பூச்சி வராத மாடியில் நாமேதான் பூச்சி. காம்பு மெலிந்து நீண்டிருந்தால் ஆண் பூ. பூவுக்கடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. கொடி முதலில் ஆண் பூவாகவே விட்டு உதிர்க்கும், பதற வேண்டாம். பிரஷ்கூடத் தேவையில்லை: அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் போதும். அந்த நடுப்பகுதியின் மூன்று பிரிவிலும் படவேண்டும். ஒருபக்கம் விட்டுப்போனால் காய் கோணும். பரங்கி மகரந்தத்தைச் சுரைக்குத் தடவுவோரும் உண்டு. அந்த ஜாதகம் பொருந்தாது.

பரங்கிக்கு ஆறரைக்கு எழுந்தால் போதும். புடலைக்கு ராத்திரி ஏழரைக்கு டார்ச்சோடு பந்தலுக்குள் தலையை நுழைக்க வேண்டும். எதிர்மாடியிலிருந்து கேள்வி வரும்: "என்ன சார், பாம்பா?" தலைக்கு மேல் நாலடி நீளத்தில் புடலங்காய் தொங்கும்போது அது நியாயமான சந்தேகம்தான்.