20,000 ரூபாய்க்குள் ஒரு அன்றாட ஜூம் லென்ஸ்

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் போதவில்லை, கையில் 20,000 ரூபாய் இருக்கிறது, எதை வாங்கலாம்? கடையில் போய் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் 18-135-ஐத்தான் எடுத்து வைப்பார்கள். இந்த எண்கள் மி.மீ. கணக்கில் லென்ஸின் குவியத்தூரம்; எண் சின்னதென்றால் காட்சி அகலமாக வரும், பெரிதென்றால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். பக்கத்தில் இருப்பதையும் எடுக்கலாம், தூரத்தில் இருப்பதையும் இழுக்கலாம், ஒரே லென்ஸ் போதும் என்பார்கள். நான் அதை வாங்கவில்லை. என் கேனன் 200டி-க்கு சிக்மா 17-50 எஃப் 2.8 லென்ஸைப் பழையதாக 16,000 ரூபாய்க்கு எடுத்தேன். எஃப் எண் குறையக் குறைய லென்ஸுக்குள் வெளிச்சம் அதிகம் வரும். ஜூம் தூரம் முன்பிருந்ததைவிட 5 மி.மீ. குறைந்துதான் போனது. ஆனாலும் வீடு, பள்ளி, ஊர் என்று அன்றாட வாழ்க்கையைப் படமெடுக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட லென்ஸ்தான் அதிகம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன்.

நான் தூத்துக்குடியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எடுப்பது என் பொறுப்பு. சொந்தக்காரர்கள் வீட்டில் காதுகுத்து, வளைகாப்பு என்றாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். விடுமுறை நாளில் உப்பளத்துப் பக்கம் போவதும் உண்டு. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு லென்ஸ் வேண்டும் என்று எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் லென்ஸ் பெயர் எதையும் சொல்லவில்லை. "டீச்சர், புதுசா என்ன வாங்கலாம்னு யோசிக்கதுக்கு முன்னால, எடுத்து வச்சிருக்க படத்தப் பாருங்க. எத்தன எம்எம்-ல எடுத்திருக்கீங்கன்னு அதுவே சொல்லிரும்" என்றார்.

லென்ஸ் வாங்குவது பற்றி எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதைவிட நல்லது இல்லை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் குவியத்தூரம், ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறையும்போது ஏற்ற வேண்டிய எண், ஏறினால் படம் புள்ளி புள்ளியாகும்), ஷட்டர் வேகம் எல்லாம் பதிவாகி இருக்கும். கணினியில் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி ப்ராபர்ட்டீஸ் போய்ப் பார்க்கலாம். மொத்தமாகப் பார்க்க லைட்ரூம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேம் போதும். என் படங்களில் பாதிக்கு மேல் 18-க்கும் 35-க்கும் நடுவில் இருந்தன. அதிலும் 18-லேயே முட்டிக்கொண்டு நின்றவை ஏராளம். ஜூமின் ஓர் எல்லையில் படங்கள் குவிந்து கிடந்தால், அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது என்று பொருள். 55 பக்கமும் ஒரு சின்னக் குவியல் இருந்தது. அவை எல்லாம் பள்ளி மேடையில் ஆடும் பிள்ளைகள்.

அப்புறம் ஐஎஸ்ஓ-வைப் பார்த்தேன். வீட்டுக்குள்ளும் மண்டபத்திலும் எடுத்தவை எல்லாம் 6400. ஷட்டர் வேகம் நொடியில் 60-இல் ஒரு பங்கு. பிள்ளைகளின் கையும் முகமும் அசைந்து கலங்கியிருந்தன. எனக்குக் குறைவாக இருந்தது தூரம் இல்லை, வெளிச்சம்.

இங்கே கொஞ்சம் வகுப்பு எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எஃப் எண் என்பது குவியத்தூரத்தை லென்ஸ் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6 என்றால் துளை சுமார் 9 மி.மீ. எஃப் 2.8 என்றால் சுமார் 18 மி.மீ. விட்டம் இரண்டு மடங்கு, ஆகவே பரப்பு நான்கு மடங்கு, உள்ளே வரும் ஒளியும் நான்கு மடங்கு. ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த அதே படத்தை அதே ஷட்டர் வேகத்தில் 1600-இல் எடுக்கலாம். அல்லது 3200-க்கு இறக்கி, ஷட்டரை நொடியில் 125-இல் ஒரு பங்காக்கலாம். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறேன், ஏனென்றால் என் படங்களைக் கெடுத்தது ஆட்களின் அசைவு. லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு நம் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். மணமேடையில் சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பும் பெண்ணை அது ஒன்றும் செய்ய முடியாது.

கேமராவோடு வந்த 18-55 எனக்கு எஃப் 4-இல் தொடங்கி, 55-க்குப் போகும்போது 5.6 ஆகிவிடும். 18-135 அகலத்தில் 3.5-இல் தொடங்கினாலும், இழுக்க இழுக்க அதுவும் 5.6-க்குத்தான் போகும். ட்யூப்லைட் வெளிச்சத்துக் கூடத்தில் அது என் பிரச்சினையைத் தீர்க்காது. சுற்றுலா போகிறவர்களுக்கும், வெயிலில் பறவையோ விளையாட்டோ பார்க்கிறவர்களுக்கும், வீடியோ அதிகம் எடுக்கிறவர்களுக்கும் அது நல்ல லென்ஸ். அதன் மோட்டார் சத்தம் போடாமல் வழுக்கிக்கொண்டு போய் ஃபோகஸ் செய்யும்.

50 எஃப் 1.8 வாங்கச் சொல்பவர்களும் உண்டு. விலை குறைவு, எடை வெறும் 160 கிராம், வெளிச்சமும் நிறைய. ஆனால் அறையின் அளவை மறந்துவிட்டுச் சொல்கிறார்கள். 200டி-யின் சென்சார், அதாவது படம் பதிவாகும் சில்லு, அகலம் 22.3 மி.மீ. பத்தடி தள்ளி நின்றால் 50 மி.மீ. லென்ஸில் நாலரை அடி அகலம்தான் படத்துக்குள் வரும். 17-இல் பதிமூன்று அடி வரும். எங்கள் வீட்டு முன்னறையில் பத்தடி பின்னால் போனால் முதுகு சுவரில் முட்டும். குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுவதை 50-இல் எப்படி எடுப்பது? இதே கணக்கில் 24-105 லென்ஸைப் பார்த்தால், 24-இல் ஒன்பதடிக்குக் கொஞ்சம் கூட வரும். பெரிய சென்சார் கேமராவுக்குச் செய்த அருமையான லென்ஸ் அது. சின்ன சென்சாரில் மாட்டினால் அகலம் போய்விடும். பழைய விலையில் கிடைக்கிறதே என்று அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டுக் கூடத்தை அளந்து பார்க்க வேண்டும்.

சிக்மாவில் 17-70 எஃப் 2.8-4 என்று இன்னொன்று இருக்கிறது. எடை 465 கிராம்தான், 22 செ.மீ. வரை பக்கத்தில் போய்ப் பூவையும் பூச்சியையும் எடுக்கலாம். நல்ல நிலையில் ஒன்று கிடைத்திருந்தால் நான் மிகவும் தடுமாறியிருப்பேன். டாம்ரான் 17-50 இன்னும் மலிவு. அதில் நடுக்கத் தடுப்பு இல்லாத பழைய மாடல் நல்ல கூர்மை என்று பெயர் வாங்கியது, ஃபோகஸ் செய்யும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் போடும்.

சரி, நான் வாங்கியதன் குறைகளையும் சொல்ல வேண்டும். எடை 565 கிராம். பழைய 18-55 வெறும் 215 கிராம். 200டி சின்ன உடம்பு, இந்த லென்ஸை மாட்டினால் முன்பக்கம் கவிழும், இடது கையால் லென்ஸைத் தாங்கித்தான் பிடிக்க வேண்டும். ஃபில்டர் அளவு 77 மி.மீ., அதனால் ஃபில்டருக்கும் கூடுதல் செலவு. ஃபோகஸ் ஆகும்போது ஃபோகஸ் வளையமும் சேர்ந்து சுற்றும், விரல் அதில் படாமல் பழக வேண்டும். எஃப் 2.8-இல் மூலைகள் கொஞ்சம் மென்மையாக இருக்கும், எஃப் 4-க்கு வந்தால் தெளிந்துவிடும். ஆட்களை எடுக்கும்போது மூலையை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு வரிசையாக நிற்கும் கூட்டம் என்றால் எப்படியும் 5.6 வைக்க வேண்டியதுதான், இல்லாவிட்டால் பின்வரிசை முகங்கள் மங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். வேறு கம்பெனி லென்ஸை டிஎஸ்எல்ஆரில் (200டி போல உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) மாட்டி, கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது சில சமயம் ஃபோகஸ் நூலிழை முன்னாலோ பின்னாலோ விழும். எஃப் 5.6-இல் தெரியாத அந்தப் பிசகு 2.8-இல் தெரியும். விலை கூடிய உடம்புகளில் இதைச் சரிசெய்ய மெனுவில் வசதி இருக்கும், 200டி-யில் இல்லை. ஆனால் பின்திரையைப் பார்த்து லைவ் வ்யூவில் எடுத்தால் கேமரா சென்சாரிலிருந்தே ஃபோகஸை அளக்கிறது, ஆகவே இந்தப் பிசகு வராது. 200டி-யின் லைவ் வ்யூ வேகமானது. விசேஷ வீடுகளில் நான் அப்படித்தான் எடுக்கிறேன். கூடவே, கேமரா மெனுவில் லென்ஸ் கரெக்‌ஷன்களை அணைத்துவிடுங்கள். லென்ஸின் குறைகளைக் கேமராவே திருத்தும் வசதிகள் அவை, கேனன் லென்ஸுக்காக எழுதப்பட்டவை.

இந்த லென்ஸ் வந்தது 2010-இல். இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது, பழையதைத்தான் தேட வேண்டும். எங்களைப் போன்ற கடலோர ஊர்களில் பழைய லென்ஸ் என்றால் முதல் பயம் ஃபங்கஸ், அதாவது கண்ணாடியில் படரும் பூஞ்சை. போனில் இருக்கும் டார்ச்சை லென்ஸின் ஒரு முனையில் சாய்த்து அடித்து, மறுமுனையிலிருந்து பாருங்கள். நான்கு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் வாங்கவே வாங்காதீர்கள், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பிறகு கேமராவில் மாட்டி, எஃப் 8 வைத்து, முன்புறத்திலிருந்து பார்த்தபடி டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். துளையின் இதழ்கள் பட்டென்று மூட வேண்டும், அவற்றில் எண்ணெய் மினுக்கம் இருக்கக் கூடாது.

கடைசியாக, ஒரு முழு செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, கேமராவை நேராக ஸ்டாண்டில் வைத்து, 17, 35, 50 மூன்றிலும் எஃப் 2.8-இலும் 5.6-இலும் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளின் எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கலாம், உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம். நான் முதலில் பார்க்கப் போன லென்ஸ் வெளியில் புத்தம் புதிது போல மின்னியது, இந்தச் சோதனையில் இடது கீழ் மூலை எழுத்தே தெரியவில்லை. விற்றவர் "இதெல்லாம் யாரு பாக்கா" என்றார். நான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா, வைத்திருப்பவர்கள் இவ்வளவு அலைய வேண்டாம். சிக்மா 18-50 எஃப் 2.8 என்று 2021-இல் ஒன்று வந்தது, சோனி மவுன்ட்டில் (மவுன்ட் என்பது லென்ஸ் மாட்டும் வாய்) எடை 290 கிராம்தான். ஃபியூஜிக்கும் வந்தது, 2024-இல் கேனன் ஆர்எஃப் மவுன்ட்டிலும் வந்துவிட்டது. அதில் நடுக்கத் தடுப்பு இல்லை, விலையும் என் பட்ஜெட்டைத் தாண்டும். ஆனால் இந்த எடையில் இந்த வெளிச்சம் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

உப்பளத்துக்கு மட்டும் நான் இன்னும் அந்தப் பழைய 18-55-ஐத்தான் கொண்டு போகிறேன். காலை எட்டு மணிக்கே பாத்தியில் வெயில் கண்ணைக் கூசும், உப்பு வாருகிறவர்களை எஃப் 8-இல் எடுத்தால் இரண்டு லென்ஸுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. எடையும் குறைவு, உப்புக் காற்று பட்டாலும் மனது பதறாது. பளபளக்கும் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் என்பதால் லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் என்ற மறைப்பு மட்டும் கட்டாயம் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் லென்ஸின் உடம்பை லேசாக ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்துவிடுவேன்.

இரண்டு லென்ஸும் ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள், சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வரும். சிலர் அரிசி போட்டு வைக்கிறார்கள், அது வேண்டாம், அதன் மாவு லென்ஸுக்குள் போகும். டப்பாவிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும் நல்லதில்லை. ஈரத்தோடு இருட்டும் சேர்ந்து அசையாமல் கிடந்தால் ஃபங்கஸ் வளரும். வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒருநாள் எடுத்து, வளையத்தைச் சுற்றி, வெளிச்சத்தில் நாலு படம் எடுத்துவிட்டு வையுங்கள்.